இறந்தவர் உங்களுக்கு யார்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். ஓய்வு பெற்ற பேராசிரியரிடம் அப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். வகுப்பறையில் என்றால் நேரம் முடிந்ததும் மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எங்களை நிறுத்திவிடுவார்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆய்விதழ் எந்தக் கட்டுரையை ஏற்கும், ஆராய்ச்சி நிதிக்கு எப்படி விண்ணப்பம் போடுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கெல்லாம் உங்களுக்குப் பட்டறை நடத்துகிறார்கள், மதியச் சாப்பாடும் போடுகிறார்கள்.

நான் எழுதப் போவது ஒரு பெண்ணைப் பற்றி. நிதித் தொழில்நுட்பம் என்ற இந்தத் துறையில் இருந்த காலமெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் முடிவெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இந்தப் பெண்ணுக்கு ஈடாக மாட்டார். அவர் பேராசிரியர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. ஒரு மின்பணப்பை நிறுவனத்தில், மோசடியைத் தடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். பெயரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் இங்கே அவரை ‘அந்த அதிகாரி’ என்றுதான் சொல்ல முடியும்.

நான் கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் சிரம்பானைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குள் எங்கள் வீட்டு ஆள் யாராவது நுழைந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் என்று என் சித்தப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார். நான் வணிகப் பள்ளியில் சேர்ந்து, கைப்பேசியில் பணம் எப்படிக் கைமாறுகிறது என்று ஆராயத் தொடங்கியபோது, “அதே தொழில்தான் லா, கோட்டு மட்டும் புதுசு” என்றார். எனக்குக் கோபம் வந்தது.

பணி ஓய்வுக்கு முந்திய ஆண்டுகளில் ரந்தாவிலிருந்து லிங்கி போகும் வழியில் உள்ள, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தோட்டத்து மக்கள் மின்பணப்பையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், எதற்குப் பயன்படுத்த மறுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முதல் சில தடவை போனபோது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மணியம் என்பவர் என்னைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டார். செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரியை ஓட்டுகிறவர் அவர். குலையோடு குலையாக என்னையும் ஒரு சுற்று சுற்றிக்காட்டி, போகிற இடமெல்லாம் “நம்ம சாரு, பாவம், படிச்சவரு” என்று அறிமுகப்படுத்தினார். அதற்குப் பிறகு கதவுகள் சாத்திக்கொள்ளவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் ஒரு துணிப்பை வீடு வீடாகப் போகும். நாற்றுத் தோட்டத்தில் வேலை செய்யும் மல்லிகா என்ற பெண்தான் அதை எடுத்துப்போவார். பையின் வாய் சிறியது. உள்ளே கையை விட்டுப் போட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று மல்லிகாவுக்கும் தெரியாது. எங்கேயும் எழுதுவதில்லை. சேர்ந்ததை, உடம்பு வீட்டைவிட்டு இறங்குவதற்கு முன்னால், அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். வசதியான வீடு, இல்லாத வீடு என்ற வித்தியாசம் கிடையாது. தோட்ட எழுத்தரான கிராணி வீட்டுச் சாவுக்குக்கூடப் பை போனதைப் பார்த்து, அவர் நல்ல சம்பளக்காரர் ஆயிற்றே என்று மல்லிகாவிடம் கேட்டேன். “சம்பளம் இருந்தா அழுகை வராதா சார்?” என்று திருப்பிக் கேட்டார்.

காலம் மாறியது. வீட்டில் ரொக்கம் வைத்திருப்பது குறைந்து, எல்லாம் கைப்பேசிக்குள் போயிற்று. இளைஞர்கள் பையையும் கைப்பேசிக்கு மாற்றச் சொன்னார்கள். பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள், பெயர் தெரியக் கூடாது. நான் அந்த மின்பணப்பை நிறுவனத்தோடு பேசி, மல்லிகாவின் கணக்கில் அதற்கென்று ஒரு தனி வசதி செய்யச் சொன்னேன். அனுப்புகிறவர் பெயர் மல்லிகாவுக்குத் தெரியாது, சேர்ந்த மொத்தம் மட்டும் தெரியும். துணிப்பையை அப்படியே கைப்பேசிக்குள் வைத்துவிட்டோம் என்று மாநாட்டுக்கு மாநாடு பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். கைதட்டினார்கள். சிலர் முகவரி அட்டைகூடக் கொடுத்தார்கள்.

பிறகு மணியமே இறந்துபோனார். வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் மறுநாள் போனேன். எனக்கு அந்தத் தோட்டத்தைத் திறந்துவிட்ட மனிதர், குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கூடாரத்துக்கு அடியில் படுத்திருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரு வந்துட்டாரு, எந்திரிங்க” என்று அவரைப் பார்த்துச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அங்கேதான் மல்லிகா என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கைப்பேசியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

“சார், காசு போக மாட்டேங்குது. என்னமோ வந்திருக்கு, பாருங்க.”

மற்றச் சாவுகளில் ஆளுக்கொரு நேரத்தில் அனுப்புவார்கள்; அன்று காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் முன் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் கூடும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் பணம் அனுப்பியிருக்கிறார்கள். அதை மணியத்தின் மனைவி கணக்குக்கு மாற்ற மல்லிகா முயன்றதும் கணக்கு முடங்கிவிட்டது. மோசடி சந்தேகம் என்று மலாயில் செய்தி வந்திருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு வாலிபன் எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டான். “அக்கா, பெனிபுவான்னு போட்டிருக்கு! மோசடியாம்!”

அந்த ஒரு சொல் கூடாரம் முழுக்கப் போய்விட்டது. சாவு வீட்டில் ஏற்கெனவே தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள், அது இன்னும் தாழ்ந்தது. யாரோ ஒரு அம்மாள், “பையில போட்டப்ப இந்த வம்பெல்லாம் இல்ல” என்றார். இன்னொருவர், “அப்ப காசு எங்க போச்சு, மல்லிகா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்டாயிற்று.

“சாமி சத்தியமா நான் தொடல சார்” என்றார் மல்லிகா.

“அது எல்லாருக்கும் தெரியும் மல்லிகா” என்றேன். சுற்றிலும் பார்த்தபோது எல்லாருக்கும் தெரியுமா என்பதில் எனக்கே சந்தேகம் வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. மோசடியைக் கண்டுபிடிக்க அந்த நிறுவனம் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்த பாடம் எளிமையானது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பலர், பெயரை மறைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஒரே கணக்குக்குப் பணம் அனுப்புகிறார்கள். வந்த பணம் மொத்தமாக உடனே வேறிடத்துக்குப் போகிறது. அப்படியானால் அது திருட்டுப் பணம் கைமாறும் வழி. கோலாலம்பூரில் பெரும்பாலும் அது உண்மையும்கூட. ரந்தாவ் பக்கத்தில் அதற்குச் சாவு வீடு என்று பெயர்.

உடம்பை ஏற்றிப்போக சிரம்பானிலிருந்து வேன் வந்து நின்றுவிட்டது. மின்சுடலையில் நேரம் வாங்கியிருந்தார்கள். உடம்பு இறங்குவதற்குள் பணம் மணியத்தின் மனைவி கைக்குப் போகாவிட்டால், தோட்டம் மணியத்தைச் சும்மா அனுப்பிவிட்டது என்று ஆகிவிடும். மல்லிகா இனி எந்தச் சாவுக்கும் எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. அதற்காக யாரும் அவரை அடிக்கவோ திட்டவோ போவதில்லை. அடுத்த தடவை வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் அது போதும்.

இந்த மாதிரி நேரத்தில் படித்தவன் என்ன செய்வான்? தெரிந்த பெரிய மனிதருக்குப் போன் போடுவான். நானும் அதைத்தான் செய்தேன். நிறுவனத்தின் இயக்குநர் என்னோடு மேடைகளில் உட்கார்ந்தவர். “ஓ, அப்படியா, நோ புரோப்ளம், இப்பவே திறக்கச் சொல்றேன் புரொபசர்” என்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் குரல். என் பெயரைப் பார்த்திருப்பார், தமிழிலேயே பேசினார். கணக்கு இன்னும் திறக்கவில்லை என்றார்.

“உங்க டைரக்டர் உங்ககிட்டப் பேசலையா?” என்றேன்.

“பேசினாரு சார். அதையே எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இங்கே சாவு வீட்டில் என்ன நடக்கிறது, நான் யார், எத்தனை வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன், அவர்கள் நிறுவனத்துக்கே இந்த வசதியை யோசித்துக் கொடுத்தவன் யார் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

“மல்லிகாவை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு ஏத்துக்கறேன். அது போதாதா?”

“போதாது சார். மன்னிச்சிருங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் திறந்து விட்டா, நாளைக்கு இன்னொரு பெரிய மனுசன் ஒரு திருடனுக்காகப் போன் பண்ணுவாரு, அப்பவும் திறக்கணும். அத விடுங்க. அந்தக்காவுக்கு என்ன பிரயோசனம்? புரொபசர் போன் போட்டு அமுக்கிட்டாருன்னுதான் அங்க பேசுவாங்க. காசு போய்ச் சேரும், அவங்க பேரு அப்படியேதான கெடக்கும்?”

பணம் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண், கோலாலம்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, மல்லிகாவின் பெயரைப் பற்றி யோசித்திருக்கிறார்.

“அப்ப என்னம்மா செய்யறது?” என்றேன். என் குரலே மாறிவிட்டது.

“அனுப்பினவங்க அங்க இருக்காங்களா சார்?”

“பாதிப் பேரு இங்கதான் இருக்காங்க. மத்தவங்க வேலைக்காட்டுலருந்து வந்துக்கிட்டு இருக்காங்க.”

“அப்ப வீடியோ போடுங்க. ஒவ்வொருத்தரா வரட்டும். முகத்தைப் பாக்கணும், பேரு கேக்கணும், சொந்த விருப்பத்துலதான் அனுப்பினீங்களான்னு கேக்கணும். அதான் எங்க விதி. அதுக்கு மேல ஒன்னும் வேணாம்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “அம்மா, யாரு எவ்வளவுன்னு மட்டும் வெளிய வந்துறக் கூடாதும்மா. வந்துச்சு, அடுத்த சாவுக்கு ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க.” பிறகு துணிப்பையைப் பற்றிச் சொன்னார். இத்தனை நாளும் என்னிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னார். “எல்லாருந்தான் கைய விடுவாங்க. இருக்கறவங்க போடுவாங்க. இல்லாதவங்க வெறுங்கைய விட்டு எடுப்பாங்க. ஆனா கைய விடாதவங்கன்னு ஒருத்தர் இருக்க மாட்டாங்க. அதாம்மா பை.”

“புரிஞ்சிச்சுக்கா” என்றார் அந்த அதிகாரி. “எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன். யாரையும் சொல்ல விட மாட்டேன்.”

துக்க வீட்டில் வரிசையில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மல்லிகாதான் சொன்னார். முதலில் யாரும் நகரவில்லை. பிறகு தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் முன்னால் வந்தார். எப்போதும் உத்தரவு போட்டுப் பழகிய மனிதர், கைப்பேசிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றார். பெயரைச் சொன்னார். விருப்பத்தோடுதான் அனுப்பியதாகச் சொன்னார்.

“இறந்தவரு உங்களுக்கு யாருங்கண்ணே?” என்று கேட்டார் அதிகாரி. அது அவர்கள் விதியில் இருந்த கேள்வியா, அவராகக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

மண்டோர் யோசித்தார். “யாருன்னு கேட்டா... நான் அவனத் திட்டாத நாள் இல்ல. இன்னைக்குக் காலையில திட்டறதுக்கு ஆள் இல்லாம நின்னேன்” என்றார். சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வரிசை தானாகவே சேர்ந்தது. ஒரு பெண், “எம் பிரசவத்துக்கு அவரு லோரியிலதான் போனேன். பின்னால குலை, முன்னால நானு. ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தி ஹார்ன் அடிச்சாரு பாருங்க” என்று சிரித்துக்கொண்டே தொடங்கி, அழுதுகொண்டே முடித்தார். இன்னொருவர், “நாங்க பேசிக்கறதில்ல. ஒரு நாய் விசயமாச் சண்டை. இருந்தாலும் அனுப்பினேன்” என்றார். வங்காளதேசத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஓர் இளைஞர் மலாயில் ஒரே ஒரு சொல் சொன்னார், “காவான்.” நண்பர் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர், “சொந்தம்லாம் இல்ல லா. அவரு இருமினா எனக்குக் கேக்கும். ராத்திரி இருமல் நின்னா தூங்கிட்டாருன்னு தெரியும், நானும் தூங்குவேன்” என்றார்.

மணியத்தின் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கிறேன், மேடை போட்டு இரங்கல் கூட்டத்தில் பேசியும் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு உண்மையாக ஓர் ஊர் பேசி நான் கேட்டதில்லை.

சிலர் பதில் சொன்ன பிறகு அதிகாரி உடனே பேச மாட்டார். ஒரு சிறு இடைவெளி விழும். பிறகு, “சரிங்க, நன்றி, அடுத்தவங்க வரலாம்” என்பார். தோட்டத்துக்குள் அலைவரிசை சரியாக எடுக்காது, அதுதான் இழுக்கிறது என்று நினைத்து, கைப்பேசியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். என் தோள் விட்டுப் போயிற்று.

வரிசை பாதி இருக்கும்போதே மல்லிகாவின் கைப்பேசி ஒலித்தது. கணக்கு திறந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே பணத்தை அனுப்பி, மணியத்தின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்க்கவே இல்லை, மல்லிகாவின் தோளில் சாய்ந்துகொண்டார். கூடாரத்தில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

நான் கைப்பேசியில் மெதுவாக, “கணக்கு திறந்தாச்சும்மா, ரொம்ப நன்றி. நிறுத்திக்கலாமா?” என்று கேட்டேன்.

“விதிப்படி எனக்கு வேண்டியது எப்பவோ கெடச்சிருச்சு சார்” என்றார் அவர். “ஆனா இன்னும் நிக்கிறாங்களே. அவங்க சொல்லட்டும்.”

கடைசி ஆள் வரைக்கும் கேட்டார். பிறகுதான் மேளம் எழுந்தது, மணியத்தைத் தூக்கினார்கள்.

நன்றி சொல்வதற்காகச் சில வாரங்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். சிரம்பானில் அவர் அத்தா என்று அழைக்கும் அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட இளையவர், உங்கள் வயதுதான் இருக்கும். மேசையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அத்தா கேட்காமலே தே தாரேக் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

நன்றியோடு சேர்த்து வேறு ஒன்றும் என் மனதில் இருந்தது. ஆராய்ச்சிக்காரன் புத்தி எங்கே போகும்? அன்று நடந்த உரையாடல் முழுவதும் அவர்களிடம் பதிவாகியிருக்கும். அது கிடைத்தால், உறவு என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று இந்தத் துறை முழுவதையும் திரும்பிப் பார்க்க வைக்கும் கட்டுரை எழுதிவிடலாம். பெயரை எல்லாம் நீக்கிவிடலாம், அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று விவரமாகச் சொன்னேன்.

“பதிவு இருக்கு சார். தர மாட்டேன்” என்றார்.

“ஏம்மா? நல்ல காரியத்துக்குத்தானே?”

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “உங்ககிட்டச் சொல்லலாம்னு நினைக்கிறேன். வரிசையில நின்னவங்க எல்லாரும் அனுப்பினவங்க இல்ல சார்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“என் முன்னால திரை இருக்குல்ல. பேரு சொன்னதும் தேடுவேன். சில பேரு அதுல இல்ல. அவங்களும் வந்து நின்னு, அனுப்பினேன்னு சொன்னாங்க. அவரு எனக்கு யாருன்னு சொன்னாங்க.”

“எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் சார் தர மாட்டேன்னேன்.”

அந்த இடைவெளிகள் எனக்கு அப்போதுதான் விளங்கின. அலைவரிசையில் ஒரு கோளாறும் இல்லை. எங்கெங்கே அவர் தயங்கினார், யார் நின்றுகொண்டிருந்தபோது தயங்கினார் என்று என் மனம் தானாகத் திரும்பிப் போகத் தொடங்கியது. ஒரு முகம்கூட நினைவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் போக வேண்டாம் என்று தேநீரை எடுத்துக் குடித்தேன், வாயைச் சுட்டுக்கொண்டேன்.

“பொய் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தோணலையா? உங்க வேலையே பொய்யக் கண்டுபிடிக்கறதுதானே?”

“அனுப்பினவங்களச் சரிபாக்கறதுதான் சார் அன்னைக்கு என் வேலை. அனுப்பாதவங்களக் கண்டுபிடிக்கறது இல்ல. அந்தக்கா பையப் பத்திச் சொன்னாங்கள்ல? போன்ல வெறுங்கைய விட எடம் இல்ல. வரிசையிலயாச்சும் இருக்கட்டும்னு நினைச்சேன்.”

நான் அந்த வசதியை வடிவமைத்தவன், மாநாடுகளில் பேசியவன். கைப்பேசிக்குள் வராமல் போனது எது என்பதை இந்தப் பெண் ஒருமுறை கேட்டதிலேயே பிடித்துக்கொண்டார். விதியில் ஒரு வரியையும் மீறாமல் அதற்கு ஓர் இடமும் செய்து கொடுத்தார். அத்தாவின் கடைச் சத்தத்துக்கு நடுவே அவரை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை, கூச்சப்படுவார்.

பிறகு வேலையைப் பற்றிப் பேசினோம். தோட்டத்துச் சாவுகளுக்கு விதியைத் தளர்த்தச் சொல்லி இயக்குநருக்கு எழுதலாம் என்றேன். அதற்கும் அவர் ஒப்பவில்லை. “தளர்த்தினா அடுத்த வாரமே திருட்டுப் பசங்க எல்லாம் சாவு வீடுன்னு போட்டு அனுப்புவானுங்க சார். விதி இருக்கட்டும். முடக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளு போன் போட்டுக் கேட்டா என்ன? அவங்க பாசையில?” அதற்கு ஆள் போட வேண்டும், செலவாகும் என்று நிறுவனத்தில் இழுத்தடித்தார்கள். அவர் விடவில்லை. நானும் என் பங்குக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே மிகச் சிறியது அது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. என் பெயருக்கு நேரே இருக்கும் நீளமான பட்டியலில் இந்த நிகழ்ச்சி எங்கேயும் இல்லை. உங்களில் யாருக்காவது ஒருநாள் இப்படி ஒரு பதிவு கைக்கு எட்டும் தூரத்தில் வரும். அனுமதி கிடைக்கும், நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளும், எல்லாம் சட்டப்படி இருக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சாப்பாட்டுக்கடையில் எனக்குக் கிடைத்த பதிலை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் போன வருஷம் என் மனைவி இறந்துபோனாள்.

சிரம்பானில் எங்கள் வீட்டில்தான் கிடத்தியிருந்தோம். உறவினர்கள் வந்தார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து மலர் வளையம் வந்தது. அப்போது மாணவர்களாக இருந்த உங்களில் சிலரும் வந்தீர்கள். நடுவில் ஒரு வேன் வந்து நின்றது. மல்லிகாவும் தோட்டத்துப் பெண்கள் சிலரும் இறங்கினார்கள். மணியத்தின் மனைவியும் வந்திருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மல்லிகா கைப்பேசியை எடுத்ததும் எனக்குத் திடுக்கென்றது. “எனக்கு எதுக்கு மல்லிகா? பென்ஷன் வருது. வேணாம்.”

“உங்களுக்கு வேணுமான்னு யாரு சார் கேட்டா?” என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அப்போது அவர் கைப்பேசி ஒலித்தது. நிறுவனத்திலிருந்து. இப்போது முடக்குவதற்கு முன்னால் கேட்கிறார்கள் அல்லவா, அந்த அழைப்பு. குரல் அந்த அதிகாரியுடையது இல்லை, யாரோ ஓர் இளைஞர், தமிழில்தான் பேசினார். மல்லிகாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். கூடம் முழுக்கக் கேட்டது.

“எவ்வளவுன்னு சொல்ல வேணாம் ஆண்ட்டி. இறந்தவங்க உங்களுக்கு யாரு?”

அதே கேள்வி. யார் அவருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“எங்க சாரு வீட்டம்மா” என்றார் மல்லிகா.

“சாரு உங்களுக்கு யாருங்க?”

மல்லிகா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் சித்தப்பா மகன்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க லயத்து ஆளு, தம்பி” என்றார்.

உடம்பு இறங்குவதற்கு முன்னால் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. யார் யார் அனுப்பினார்கள், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். அன்று மல்லிகாவிடம் கேட்கவில்லை.